தூங்குற உடம்புல பிரஷர் ஏன் எகிறுது? தொண்டையில டியூப் போடுற அந்த அரை நிமிஷம்

"மயக்க ஊசி போட்டா ஆளு தூங்கிருவாவல்லா, பொறவு எதுக்கு டாக்டர் பிரஷர் ஏறும், ஹார்ட்டு தாங்காதுன்னு சொல்லுதிய?" மயக்க டாக்டரா நான் ஆபரேஷனுக்கு முந்தின நாள் பேஷன்ட்டைப் பாக்கப் போறப்போ கூட நிக்கிற மகனோ மருமகனோ இதைக் கேக்காம விடுறதே இல்ல, அம்பாசமுத்திரம் ஆளா இருந்தாலும் சரி ராதாபுரம் ஆளா இருந்தாலும் சரி. ரொம்ப நியாயமான கேள்வி. தூங்குற மனுஷனுக்கு எதுக்குப் படபடப்பு வரணும்? ஆனா வார்டுல நின்னுக்கிட்டு ரெண்டு நிமிஷத்துல இதுக்கு முழுசா பதில் சொல்ல முடியறதில்ல, அதான் உக்காந்து எழுதுறேன். வீட்ல யாருக்காவது ஃபுல் மயக்கம் குடுத்து ஆபரேஷன் வச்சிருக்கவங்க படிக்கலாம், அனஸ்தீஷியா டெக்னீஷியன் கோர்ஸ்ல புதுசா சேந்து தியேட்டருக்குள்ள வந்து எதை எடுத்துக் குடுக்கணும்னு தெரியாம மலங்க மலங்க நிக்கிற புள்ளைங்களும் படிக்கலாம்.

முதல்ல ஃபுல் மயக்கம்னா என்னன்னு பாத்துருவோம். அது ஒரே ஒரு மருந்து இல்ல. நெனவு தப்பணும், வலி தெரியக்கூடாது, தசை தளரணும், இந்த மூணும் சேந்தாத்தான் ஃபுல் மயக்கம். நெனவு தப்புறதுக்கு இப்ப பெரும்பாலும் ப்ரோபோஃபால், சிரிஞ்சுல வெள்ளை வெளேர்னு இருக்குமே அது. வலிக்கு ஃபென்டானில், 1960ல பெல்ஜியத்துல பால் யான்சன் கண்டுபிடிச்சது, இன்னைக்கும் அது இல்லாம எங்க தியேட்டர் ஓடாது. தசை தளர வெக்யூரோனியம், அட்ராகூரியம் மாதிரி ஒண்ணு. இந்த மூணாவது மருந்து உள்ள போனதும் மூச்சு விடுற தசையும் சேந்து நின்னுரும், அதுக்கப்புறம் பேஷன்ட்டுக்குப் பதிலா மெஷின் தான் மூச்சு குடுக்கணும். மெஷின்ல இருந்து வர்ற காத்து நுரையீரலுக்குத்தான் போகணும், வயித்துக்குப் போகக்கூடாது, வயித்துல கெடக்குறது மேல ஏறி நுரையீரலுக்குள்ள எறங்கவும் கூடாது. அதுக்குத்தான் வாய் வழியா மூச்சுக்குழாய்க்குள்ள ஒரு டியூப் போடுறோம். பொம்பளைங்களுக்குப் பெரும்பாலும் 7, ஆம்பளைங்களுக்கு 8, அது டியூபோட உள் விட்டம், மில்லிமீட்டர் கணக்கு. நுனிகிட்ட ஒரு சின்ன பலூன் இருக்கும், உள்ள போனதும் அதைக் காத்தடிச்சு ஊதிவிட்டா பக்கவாட்டுல கசியாது. இந்த டியூப் போடுற வேலைக்கு இன்டுபேஷன்னு பேரு.

இப்ப விஷயத்துக்கு வருவோம். தொண்டை, குரல்வளை, மூச்சுக்குழாய் இதெல்லாம் உடம்புலயே ரொம்ப உஷாரான எடம். ஒரு சோத்துப் பருக்கை வழி மாறிப் போனாலே கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு இருமுறோம், அந்த எடத்துக்குள்ள ஒரு இரும்பு பிளேடை (வெட்டுற பிளேடு இல்ல, நாக்கைத் தூக்கி வழி காட்டுற கருவி) விட்டு நாக்கை மொத்தமா தூக்கிப் புடிச்சு டியூபை எறக்குறோம்னா உடம்பு சும்மா இருக்குமா. நாக்கோட அடிப்பகுதியில இருந்து சேதி எடுத்துட்டுப் போறது ஒம்பதாவது மூளை நரம்பு, குரல்வளையில இருந்தும் மூச்சுக்குழாய்ல இருந்தும் எடுத்துட்டுப் போறது பத்தாவது நரம்பு, வேகஸ். ரெண்டும் போய்ச் சேர்ற எடம் மூளைத்தண்டு. இங்கதான் அந்த மருமகன் கேட்ட கேள்விக்கு பதில் இருக்கு. நெனவுங்கறது மூளையோட மேல் பகுதி வேலை, ப்ரோபோஃபால் அதை அரை நிமிஷம் முக்கால் நிமிஷத்துல அடக்கிரும். மூளைத்தண்டு அவ்வளவு லேசுல அடங்காது. ஆளுக்கு ஒண்ணும் தெரியாது, எழுந்தப்புறம் ஞாபகமும் இருக்காது, ஆனா கீழ இருந்து "யாரோ தொண்டையில கை வைக்கான்"னு சேதி போனதும் மூளைத்தண்டு ஆபத்து நேரத்துல உடம்பை உஷார்படுத்துற சிம்பதெடிக் நரம்புகளை முடுக்கி விட்டுரும், நரம்பு நுனியில இருந்து நார்அட்ரினலினும் சிறுநீரகத்து மேல உக்காந்திருக்குற அட்ரினல் சுரப்பியில இருந்து அட்ரினலினும் ரத்தத்துல கொட்டும், ரத்தக்குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும், துடிப்பு ஓடும்.

எவ்வளவு ஏறும்? சாதாரண ஆளுக்கு மேல் பிரஷர் 20ல இருந்து 40 பாயின்ட் வரைக்கும் ஏறலாம், துடிப்பு நிமிஷத்துக்கு 20 கூடலாம், ஏற்கெனவே பிரஷர் இருக்கவங்களுக்கு இதைத் தாண்டியும் போகும். பிளேடு நாக்கைத் தூக்கின சில செகண்ட்லயே ஆரம்பிச்சுரும், ஒண்ணு ரெண்டு நிமிஷத்துக்குள்ள உச்சிக்குப் போயிரும், 5ல இருந்து 10 நிமிஷத்துல தானாவே எறங்கிரும். பிளேடு தூக்குறது ஒரு அடி, டியூப் குரல் நாண்களைத் தாண்டி உள்ள போய் பலூன் ஊதுறது ரெண்டாவது அடி, துடிப்பு ஓடுறது பெரும்பாலும் இந்த ரெண்டாவதுல தான். இது புதுசா தெரிஞ்ச விஷயமும் இல்ல. 1940லயே ரீட், பிரேஸ்னு ரெண்டு பேர் மூச்சுப்பாதையைச் சீண்டினா இதயத்துல என்ன நடக்குதுன்னு எழுதிட்டாங்க, 1951ல கிங்கும் அவர் கூட இருந்தவங்களும் மயக்கத்துல டியூப் போடுறப்போ பிரஷரும் துடிப்பும் ஏறுறதைத் தெளிவா அளந்து காட்டினாங்க. அதுக்கு எட்டு வருஷம் முன்னாடி, 1943ல ஆக்ஸ்ஃபோர்டு மெக்கின்டாஷ் கொண்டு வந்த வளைஞ்ச பிளேடைத்தான் இன்னைக்கும் நாங்க கையில புடிச்சிருக்கோம்.

பத்து நிமிஷத்துல தானா எறங்கிருமே, அப்புறம் என்ன கவலைன்னு கேக்கலாம். இருவத்தஞ்சு வயசுப் பையனுக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்னா உண்மையிலேயே பெருசா கவலை இல்ல, அவன் ரத்தக்குழாய் தாங்கிக்கிடும். கவலை யாருக்குன்னா இதயத்துக்குப் போற குழாய்ல அடைப்பு இருக்கவங்களுக்கு, வருஷக்கணக்கா பிரஷர் இருந்து குழாய் கெட்டிப்பட்டவங்களுக்கு, மூளைக்குள்ள ரத்தக்குழாய் வீங்கி அன்யூரிசம் இருக்கவங்களுக்கு, தலையில அடிபட்டு மண்டைக்குள்ள அழுத்தம் கூடியிருக்கவங்களுக்கு, கண்ணுல குத்துப்பட்டு கண்ணு கிழிஞ்சு கெடக்குறவங்களுக்கு, பிரஷர் கூடின மாசமா இருக்குற பொண்ணுங்களுக்கு. அந்தப் பொண்ணுங்களுக்கு டியூப் போடுற நேரத்துல பிரஷர் எகிறி மூளையில ரத்தம் கசிஞ்சா தாயையே இழக்க வேண்டி வரும், அதான் முடிஞ்ச வரைக்கும் முதுகுத்தண்டு ஊசியிலேயே சிசேரியனை முடிக்கப் பாப்போம், வேற வழியில்லாம ஃபுல் மயக்கம் குடுத்தா ஏத்தத்தை அடக்குற மெக்னீசியம், லேபெடலால்னு கையில வச்சுக்கிட்டுத்தான் டியூபைத் தொடுவோம்.

இதயத்து விஷயத்தைக் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா நம்ம ஊர்ல ஸ்டென்ட் வச்சவங்க, சுகர் இருக்கவங்க ஆபரேஷனுக்கு வராத நாளே இல்ல. இதயம் ஊருக்கெல்லாம் ரத்தம் அனுப்புது, ஆனா தனக்கு வேண்டிய ரத்தத்தை அது சுருங்குற நேரத்துல சரியா எடுத்துக்க முடியாது, முக்கியமா இடது பக்கத்து அறை, சுருங்கி முடிச்சு விரியுற நேரத்துல தான் அதுக்கு ரத்தம் கெடைக்கும். கல்யாண வீட்ல பரிமாறுதவங்க பந்தி எந்திரிச்சப்புறம் தானே ரெண்டு வாய் சாப்பிட முடியும், பந்திக்கு மேல பந்தி எடைவெளி இல்லாம உக்காந்தா பரிமாறுதவங்க பட்டினி தானே, அந்த மாதிரி தான். துடிப்பு 60னா ஒரு துடிப்புக்கு 1 செகண்ட், அதுல சுருங்குறதுக்கு சுமாரா மூணுல ஒரு பங்கு போக மிச்சம் எல்லாம் ஓய்வு. துடிப்பு 120 ஆனா ஒரு துடிப்புக்கு அரை செகண்ட் தான், சுருங்குற நேரம் அவ்வளவா கொறையாது, ஓய்வு நேரம் தான் வெட்டுப்படும். வரவு இப்படி கொறையுறப்போ செலவு என்னாகுது பாருங்க. இதயத்தோட வேலையை தோராயமா கணக்குப் போட துடிப்பையும் மேல் பிரஷரையும் பெருக்குறது வழக்கம். 80 துடிப்பு, 130 பிரஷர்னா 10,400. டியூப் போடுறப்போ 120 துடிப்பு, 180 பிரஷர் ஆச்சுன்னா 21,600. ஒரு நிமிஷத்துக்குள்ள வேலை ரெண்டு மடங்கு ஆயிருது, சாப்பாடு பாதி ஆயிருது. நல்ல குழாய் இருந்தா சமாளிச்சுரும். பாதி அடைச்ச குழாய்ல அந்த ரெண்டு நிமிஷமே போதும் ஈசிஜில கோடு மாற. அதனால தான் பிரஷரை விட துடிப்பு ஏறுறதுக்குத்தான் நான் அதிகமா பயப்படுவேன், ஸ்டென்ட் வச்ச பேஷன்ட்னா கண்ணு முதல்ல போறது மானிட்டர்ல துடிப்பைக் காட்டுற பச்சைக் கலர் நம்பருக்குத்தான்.

சரி, அப்போ நெறைய மருந்து குடுத்து அமுக்கிற வேண்டியது தானேன்னு தோணும். புதுசா வர்ற புள்ளைங்க எல்லாரும் கேக்குற கேள்வி இது. இதுல ஒரு சிக்கல் இருக்கு, பிரஷர் ஏறுறதுக்கு முன்னாடி அது எறங்கும். ப்ரோபோஃபால் போன உடனே ரத்தக்குழாய் எல்லாம் தளந்து பிரஷர் சரியும், நாள்பட்ட பிரஷர்காரங்களுக்கு சரிவும் பெருசு, ஏத்தமும் பெருசு. 150ல படுக்க வச்ச ஒருத்தர் மருந்து போனதும் 100க்கு வருவாரு, டியூப் போனதும் 190க்குப் போவாரு, பத்து நிமிஷம் கழிச்சு சர்ஜன் இன்னும் வயித்தைக் கழுவி துணி விரிச்சுக்கிட்டு இருக்கப்போ 85க்கு வந்து நிப்பாரு. ஏன்னா அந்த நேரத்துல உடம்பைச் சீண்ட எதுவும் இல்ல, உள்ள போன மருந்து மட்டும் முழு வேகத்துல இருக்கு. டியூப் போடுறப்போ ஏறக்கூடாதுன்னு பயந்து ஃபென்டானிலையும் ப்ரோபோஃபாலையும் அள்ளி விட்டா இந்தக் கடைசி சரிவு தான் ஆழமாகும், வயசானவங்களுக்கு சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் ரத்தம் பத்தாமப் போறது அப்பத்தான். சராசரி பிரஷர் (மேல் பிரஷர், கீழ் பிரஷர் ரெண்டையும் சேத்துக் கணக்குப் போடுறது) 65க்குக் கீழ போகவிடக்கூடாது, அவங்க வழக்கமான பிரஷர்ல இருந்து 20 சதவீதத்துக்கு மேல அங்கிட்டும் இங்கிட்டும் போகவிடக்கூடாது, இதைத்தான் நாங்க குறியா வச்சுக்கிடுறோம்.

அதனால என் எண்ணம் என்னன்னா, எந்த மருந்துங்கறதை விட எப்ப குடுக்கோம்ங்கறது தான் இதுல பாதிக்கு மேல. சீண்டல் உச்சிக்குப் போற நிமிஷமும் மருந்து உச்சிக்குப் போற நிமிஷமும் ஒண்ணா வரணும். ஃபென்டானில் நரம்புல போட்டா முழு வேகத்துக்கு வர 3ல இருந்து 5 நிமிஷம் ஆகும். நம்ம ஊர்ல வர்ற 2 மி.லி. ஆம்பூல்ல 100 மைக்ரோகிராம் இருக்கும், கிலோவுக்கு 2 மைக்ரோகிராம்னு வச்சா 50 கிலோ ஆளுக்கு ஒரு ஆம்பூல். அதை ப்ரோபோஃபாலுக்கு ஒட்டுனாப்புல போட்டு ஒரு நிமிஷத்துல டியூப் போட்டா ஃபென்டானில் குடுத்தும் குடுக்காத கணக்கு தான், ஏறும் போது அது வேலை செய்யாது, எறங்கும் போது தான் வந்து சேந்து இன்னும் எறக்கிவிடும். இதே கணக்கு தசை தளர்த்துற மருந்துக்கும். வெக்யூரோனியம், அட்ராகூரியம் எல்லாம் சுமாரா 3 நிமிஷம் எடுக்கும், ரோக்யூரோனியம்னா ஒண்ணு ஒண்ணரை நிமிஷம். அவசரப்பட்டு ஒண்ணரை நிமிஷத்துல வெக்யூரோனியம் பேஷன்ட் வாயைத் தொறந்தா தாடை இறுக்கமா இருக்கும், குரல் நாண் அசைஞ்சுக்கிட்டு இருக்கும், டியூப் பட்டதும் இருமல், அந்த இருமலே பிரஷரை தூக்கிரும்.

மரத்துப் போக வைக்கிற லிக்னோகெயினை நரம்புல போடுறதும் உண்டு, கிலோவுக்கு 1.5 மி.கி., டியூபுக்கு ஒண்ணரை நிமிஷத்துல இருந்து 3 நிமிஷம் முன்னாடி. இதுல ஆய்வு முடிவுகள் எல்லாம் ஒண்ணுபோல இல்ல, சிலதுல நல்லா அடக்குது, சிலதுல பெருசா வித்தியாசம் இல்ல, இருமலைக் கொறைக்கிறதுல நல்ல பலன் இருக்கு. அதையே தொண்டையில ஸ்ப்ரேயா அடிக்கலாமேன்னா அடிக்கலாம், ஆனா குரல் நாண் மேல ஸ்ப்ரே படணும்னா பிளேடைப் போட்டுத் தூக்கித்தான் அடிக்கணும், நாம தவிர்க்க நெனைக்கிற சீண்டலையே முன்கூட்டி ஒரு தடவை குடுத்த மாதிரி ஆயிரும். எஸ்மோலால் எனக்குப் பிடிச்ச மருந்து, காரணம் அதுவும் நேரக்கணக்கு தான். ரெண்டு நிமிஷத்துல வேலைக்கு வரும், ரத்தச் சிவப்பணுவுல இருக்குற ஒரு என்சைம் அதை உடைச்சுப் போட்டுரும், 9 நிமிஷத்துக்கு ஒருக்கா பாதி பாதியா கொறஞ்சு போயிரும். ஏத்தம் இருக்குற வரைக்கும் இருக்கும், ஏத்தம் முடிஞ்சதும் போயிரும். துடிப்பைத்தான் நல்லா புடிக்கும், பிரஷரை அந்த அளவுக்கு இல்ல. ஆஸ்துமாகாரங்களுக்கும் இதயம் பம்பிங் கொறஞ்சவங்களுக்கும் யோசிச்சுத்தான் தொடணும். டெக்ஸ்மெடெடோமிடின் 10 நிமிஷம் மெதுவா ஏத்துனா பிரஷர், துடிப்பு ரெண்டையும் நல்லாவே அமைதிப்படுத்தும், ஆனா துடிப்பு 45, 40னு விழுந்துரும், அதையும் கண்ணுல எண்ணெய் விட்டுப் பாக்கணும். நைட்ரோகிளிசரின் பிரஷரை மட்டும் எறக்கும், எறக்குனதும் துடிப்பு அதுக்கு ஈடா ஓடும், அடைப்பு இருக்கவங்களுக்கு தனியா அதை மட்டும் நம்பி எறங்குறது எனக்கு உடன்பாடில்ல. ப்ரோபோஃபாலுக்குப் பதிலா எட்டோமிடேட் போட்டா பிரஷர் சரியாதுன்னு ஹார்ட் பேஷன்ட்டுக்குப் போடுவோம், சரியாது தான், ஆனா டியூப் போடுறப்போ ஏறுறதையும் அது தடுக்காது, கூட ஃபென்டானில் போதுமான அளவு இருக்கணும்.

ஒரு பேஷன்ட்டை எடுத்துக்கிட்டு நிமிஷம் நிமிஷமா பாத்தா இது நல்லா விளங்கும். அறுவது வயசு, பிரஷர் இருக்கு, பித்தப்பைக் கல்லு, லேப்ராஸ்கோப்பி. டேபிள்ல படுக்க வச்சு ஈசிஜி ஒட்டியாச்சு, விரல்ல ஆக்சிஜன் பாக்குற கிளிப் மாட்டியாச்சு, கையில பிரஷர் பட்டை. முதல் பிரஷர் 152/88, துடிப்பு 84. ஃபென்டானில் போட்டு செவத்துல இருக்குற கடிகாரத்தைப் பாத்து டெக்னீஷியன் நேரத்தைச் சத்தமா சொல்லணும், இது ரொம்ப முக்கியம். அந்த நேரம் வீணாகாம மாஸ்க் வச்சு 3 நிமிஷம் முழு ஆக்சிஜன், "அம்மா, மூச்சை நல்லா இழுத்து விடுங்க, ஒண்ணும் இல்ல, நாங்க இங்கதான் நிக்கோம்." இந்த நேரத்துல யாரும் பாத்திரத்தை உருட்டக்கூடாது, பயந்தா அதுலயே துடிப்பு ஏறும். அதுக்கப்புறம் ப்ரோபோஃபால், ஒரே தள்ளா தள்ளாம கொஞ்சம் கொஞ்சமா, கண் இமை முடியைத் தொட்டா அசையாத வரைக்கும். மாஸ்க்ல காத்து நல்லாப் போகுதான்னு பாத்துட்டு தளர்த்துற மருந்து, கூடவே மயக்க வாயுவை லேசா தொறந்து விட்டு 3 நிமிஷம் கையால மூச்சு. அந்த 3 நிமிஷம் தியேட்டர்ல ரொம்ப நீளமாத் தெரியும், சர்ஜன் கை கழுவிட்டு வந்து நிப்பாரு, "என்ன டாக்டர் ஆச்சா"ன்னு ஒரு பார்வை வரும், அவசரப்படக்கூடாது. பிளேடு உள்ள போறப்போ பிரஷர் 124, துடிப்பு 72. குரல் நாண் தெரிஞ்சது, டியூப் போச்சு, பலூன் ஊதியாச்சு, டியூப் சரியான எடத்துல இருக்குன்னு காட்டுற கார்பன் டை ஆக்சைடு கோடு மானிட்டர்ல வந்துருச்சு. துடிப்புச் சத்தம் கொஞ்சம் வேகமாகுது, 88, 92, அங்கயே நின்னுருச்சு, பிரஷர் 148. இது நல்ல இன்டுபேஷன். அவங்க படுக்குறப்போ இருந்த பிரஷரைத் தாண்டவே இல்ல.

இதுல பிரஷர் பட்டையைப் பத்தி ஒரு வார்த்தை, டெக்னீஷியன் படிக்கிறவங்க கவனிங்க. பட்டை சாதாரணமா 5 நிமிஷத்துக்கு ஒருக்கா ஊதுற மாதிரி வச்சிருப்பாங்க. ஏத்தம் மொத்தமே ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல உச்சிக்குப் போயிருது, அப்போ 5 நிமிஷப் பட்டைக்கு அது தெரியவே தெரியாது, சார்ட்ல 140, 135ன்னு அழகா இருக்கும், நடுவுல 210 வந்துட்டுப் போனது யாருக்கும் தெரியாது. மயக்கம் குடுக்க ஆரம்பிக்கும் போதே 1 நிமிஷத்துக்கு மாத்திரணும். ஹார்ட் ரொம்ப மோசம்னா மணிக்கட்டு தமனியிலேயே ஊசி போட்டு ஒவ்வொரு துடிப்புக்கும் பிரஷரைப் பாப்போம்.

மருந்துக்கு அப்புறம் கை. பிளேடு உள்ள இருக்குற நேரம் 15 செகண்டுக்குள்ள இருந்தா ஏத்தம் கம்மி, நேரம் கூடக்கூட ஏத்தமும் கூடும், முதல் தடவை கெடைக்காம ரெண்டாவது தடவை போனா இன்னும் கூடும். அதான் முந்தின நாளே வாயை ஆன்னு தொறக்கச் சொல்லி டார்ச் அடிச்சுப் பாக்குறது, மல்லம்பட்டி ஸ்கோர்னு பேரு, ஆந்திராவுல பொறந்து அமெரிக்காவுல வேலை பாத்த சேஷகிரி மல்லம்பட்டி 1985ல எழுதினது, உலகம் பூரா அந்தத் தெலுங்குப் பேரைச் சொல்லித்தான் வாயைப் பாக்காங்க. பாக்கு, பான் மசாலா வருஷக்கணக்கா போட்டவங்களுக்கு கன்னத்து உள்பக்கம் எல்லாம் இறுகி வாய் ரெண்டு விரல் கூட தொறக்காது, அதை மறைக்காம சொல்லுங்க, நாங்க திட்டறதுக்காகக் கேக்கல. ஆடுற பல்லு, பல் செட்டு, கழுத்து திரும்பாதது, முன்னாடி எப்பவாவது டியூப் போட கஷ்டப்பட்டாங்கன்னு யாராவது சொன்னது, பீடி சிகரெட் பழக்கம், எல்லாம் அந்த 15 செகண்ட் கணக்குல வந்து சேர்ற விஷயம் தான். தியேட்டருக்குள்ள இருக்குற புள்ளைங்க பிளேடு லைட் எரியுதான்னு முன்னாடியே போட்டுப் பாத்து, சக்ஷன் ஓடுதான்னு பாத்து, டியூப் பலூனை ஊதி சோதிச்சு, ஒரு சைஸ் சின்ன டியூபும் பக்கத்துல வச்சிருந்தா அதுவே பாதி மருந்து. நுனியில கேமரா வச்ச பிளேடு, வீடியோ லாரிங்கோஸ்கோப், வந்தப்புறம் நாக்கை அவ்வளவு பலமா தூக்க வேண்டியதில்ல, கஷ்டமான தொண்டைக்கு அது பெரிய வரம், ஆனா டியூப் மூச்சுக்குழாய்க்குள்ள போறது போறது தான், அதனால ஏத்தம் சுத்தமா இருக்காதுன்னு நெனைச்சுரக் கூடாது. சின்ன ஆபரேஷன்னா டியூபுக்குப் பதிலா குரல்வளை மேல உக்கார்ற எல்எம்ஏ மாஸ்க் போடலாம், 1980கள்ல ஆர்ச்சி பிரெய்ன் கொண்டு வந்தது, அதுல ஏத்தம் நல்லாவே கம்மி. வயிறு நெறஞ்சிருக்கவங்களுக்கு, அவசர ஆபரேஷனுக்கு அது ஒத்துவராது.

இனி வீட்ல செய்ய வேண்டியது. கடையம் பக்கத்துல இருந்து ஒரு ஆச்சி, காலையில ஆபரேஷனுக்கு வந்து படுத்திருக்காவ, பிரஷர் 196/112. "ஆச்சி, காலையில பிரஷர் மாத்திரை போட்டியளா?" "வெறும் வயித்துல வரணும், பச்சத் தண்ணி பல்லுல படக்கூடாதுன்னு பக்கத்து வீட்ல சொன்னாவ தாயி, அதான் நேத்து ராத்திரியே ஒண்ணும் போடல." மக பக்கத்துல நின்னு கையைப் பிசையுதா. அட்டெனோலால் ஒண்ணு, அம்லோடிபின் ஒண்ணு, ரெண்டும் விட்டாச்சு. அவசரம் இல்லாத ஆபரேஷன்னா 180/110ஐத் தாண்டி இருக்கும் போது தள்ளி வைக்கிறது தான் வழக்கம், தள்ளி வச்சோம். பட்டினிங்கறது சாப்பாட்டுக்கு, திட உணவுக்கு 6 மணி நேரம், தெளிவான தண்ணிக்கு 2 மணி நேரம், பெரும்பாலும் இப்படித்தான் கணக்கு. மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணியில முழுங்கச் சொன்னா முழுங்கலாம், தப்பே இல்ல. முக்கியமா அட்டெனோலால், மெட்டோப்ரோலால் மாதிரி துடிப்பைக் கொறைக்கிற பீட்டா பிளாக்கர் மாத்திரையை திடீர்னு நிறுத்தினா துடிப்பு வழக்கத்தை விட அதிகமா எகிறும், குளோனிடின் நிறுத்தினா பிரஷர் எகிறும். அதே நேரம் டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் வகையை பெரும்பாலும் ஒரு நாள் முன்னாடி நிறுத்தச் சொல்லுவோம், மயக்கத்துல பிரஷர் ரொம்பச் சரியும்ங்கறதால. ஒரு பிரஷர் மாத்திரை போடணும், இன்னொண்ணு போடக்கூடாது, ரெண்டும் பிரஷர் மாத்திரை தான். அதனால மாத்திரை அட்டையை அப்படியே பையில போட்டுக் கொண்டாங்க, "வெள்ளை மாத்திரை ஒண்ணு, சின்ன மஞ்சள் ஒண்ணு"ன்னா எங்களால ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. எது போடணும், எது விடணும்னு உங்களைப் பாக்குற மயக்க டாக்டர் வாயால கேட்டு ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிக்கோங்க.

இன்னொண்ணு, துடிப்பு ஏறும்னு பயந்து யாராவது மெட்டோப்ரோலால் ஒண்ணு கடையில வாங்கி ஆபரேஷன் அன்னைக்குக் காலையில புதுசா போடுறது. செய்யவே செய்யாதீங்க. 2008ல வந்த பாய்ஸ் ஆய்வு, 8,351 பேரை வச்சுப் பண்ணது, ஆபரேஷன் அன்னைக்கு மெட்டோப்ரோலால் கூடுதல் டோஸ்ல புதுசா ஆரம்பிச்சவங்களுக்கு ஹார்ட் அட்டாக் கொறஞ்சது, ஆனா பக்கவாதமும் உயிரிழப்பும் கூடிருச்சு. ஏற்கெனவே போடுறவங்க விடக்கூடாது, போடாதவங்க அன்னைக்கு ஆரம்பிக்கக்கூடாது.

சின்னப் புள்ளைங்க கதை வேற. வேகஸ் நரம்புக்கு துடிப்பை எறக்குற வேலையும் உண்டு, அவங்களுக்கு அது பலமா இருக்கும், தொண்டையைச் சீண்டினா துடிப்பு ஏறுறதுக்குப் பதிலா சட்டுனு எறங்கலாம், அதனால குழந்தைக்கு டியூப் போடுறப்போ துடிப்பை ஏத்துற அட்ரோபினை சிரிஞ்சுல எடுத்து வச்சுக்கிட்டுத்தான் ஆரம்பிப்போம்.

டியூப் எடுக்கும்போதும் இதே கூத்து ஒரு தடவை நடக்கும், இதை நெறைய பேர் மறந்துருவாங்க. ஆபரேஷன் முடிஞ்சு மருந்து எறங்கி ஆள் முழிக்க ஆரம்பிக்கிறப்போ தொண்டையில டியூப் இருக்கது உறுத்தும், இருமுவாங்க, கையை ஆட்டுவாங்க, பிரஷரும் துடிப்பும் மறுபடி ஏறும், இந்தத் தடவை மயக்கமும் பாதுகாப்புக்கு இல்ல. அதுக்கும் முன்கூட்டியே வலி மருந்து போதுமான அளவு குடுத்து, வாயில இருக்குற எச்சிலை ஆள் முழிக்கிறதுக்கு முன்னாடியே உறிஞ்சி எடுத்துட்டு, தேவைப்பட்டா லிக்னோகெயினோ எஸ்மோலாலோ கொஞ்சம் போட்டு எடுப்போம். வெளிய ரெக்கவரி ரூம்ல கொஞ்ச நேரம் வச்சு 5 நிமிஷத்துக்கு ஒருக்கா பிரஷர் பாக்குறது இதுக்காகவும் சேத்துத்தான், "ஆபரேஷன் முடிஞ்சிருச்சுல்லா, ஏன் இன்னும் வெளிய விடல"ன்னு கதவுகிட்ட நின்னு தவிக்காதீங்க. வார்டுக்கு வந்தப்புறம் தொண்டை கரகரன்னு இருக்கும், எச்சில் முழுங்க வலிக்கும், அது டியூப் உரசினது, ஒண்ணு ரெண்டு நாள்ல போயிரும். போகலைன்னாலோ குரல் கம்மியே கெடந்தாலோ தையல் பிரிக்க வர்றப்போ சொல்லிக்கிடலாம்னு இருக்காம முன்னாடியே வந்து காட்டிருங்க.